பதினோராவது நாற்காலி

புதுச்சேரி சாரத்தில் அந்த அரசு தொடக்கப் பள்ளிக்கு வழி கேட்டால், இரண்டு தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளைத் தாண்டி வா என்பார்கள். ஒரு பலகையில் டை கட்டிய குழந்தை சிரிக்கும். இன்னொன்றில் குதிரைமேல் உட்கார்ந்த குழந்தை சிரிக்கும். சாரத்தில் எந்தப் பிள்ளை குதிரைமேல் பள்ளிக்கூடம் போகிறது என்று கேட்பாரில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒரு புங்க மரமும் ஐந்து அறைகளுமாக அடக்கமாக இருக்கிறது நம்முடைய பள்ளி. வாசலை ஒட்டிய முதல் அறை ஒன்றாம் வகுப்பு. ஒன்பது வருடமாக அது ஹேமலதா டீச்சரின் அறை.

ஹேமலதாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விருது வாங்கியதில்லை, மேடையேறியதில்லை. பக்கத்துக் கதிர்காமத்தில் வீடு. கணவர் இளஞ்செழியன் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். ஒரே பெண் பூவிழிக்கு ஐந்தரை வயது. ஆனால் கவலைப்படுவதில் மட்டும் ஹேமலதாவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் ஸ்கூட்டரைத் திருப்புவாள். மூடித்தான் இருக்கும். திரும்பிப் போகும்போது கதவைப் பூட்டினோமா என்று ஆரம்பிக்கும். இப்படிக் காரணமில்லாமல் கவலைப்பட்டுப் பழகியவளுக்கு, இந்த வருடம் உண்மையான காரணமே கிடைத்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் தலைமையாசிரியர் கன்னியப்பன் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஓய்வுக்கு ஒரு வருடமே இருக்கும் மனிதர். கெட்ட செய்தியை வாயால் சொல்லமாட்டார், தாளாகத்தான் நீட்டுவார். பள்ளி திறக்கும் நாளில் ஒன்றாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வகுப்பை வேறொரு பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். ஆய்வாளர் நேரில் வந்து தலை எண்ணுவார். பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது, பெயருக்கு உரிய பிள்ளை எதிரே இருக்க வேண்டும்.

"அப்போ நான் சார்?" என்றாள்.

"வேகன்ஸி எங்க இருக்குதோ அங்க போடுவாங்கம்மா."

வேகன்ஸி எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். புதுச்சேரியில் அரசு வேலை பார்க்கிற யாருக்கும் காரைக்கால் என்ற பெயரே ஆகாது. ஊர்மேல் குற்றமில்லை, நல்ல ஊர். பஸ்ஸில் நாலு மணி நேரம் என்பதுதான் குற்றம். பூவிழியை விட்டுவிட்டு வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்குவதை நினைத்துப் பார்த்தாள்.

மே மாதம் முழுக்கப் பிள்ளை பிடிக்கப் போனாள். ஆசிரியர்கள் தங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். பிள்ளைபிடிக்காரன் வருவான் என்று குழந்தைகளை மிரட்டிய வாய்களுக்கு வந்த தண்டனை போலிருக்கிறது. கத்திரி வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள். புத்தகம் உண்டு, சீருடை உண்டு, காலையில் பால் உண்டு, மதியம் சாப்பாடு உண்டு என்று பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சில வீடுகளில் மோர்கூடக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வரும்.

"உங்க புள்ள எங்க படிக்குது டீச்சர்?"

அதோடு சரி. பூவிழியை மார்ச் மாதமே தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்த்தாயிற்று. மறைத்து என்ன, அந்தக் குதிரைப் பலகைப் பள்ளியேதான். ஹேமலதாவோடு கூட வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் படித்தன. ஊரோடு ஒத்து வாழ் என்று ஒத்துப்போய்விட்டாள். உண்மையைச் சொன்ன வீடுகளில் துண்டறிக்கையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் மட்டும் சிரிக்காமலே சொன்னார். "கடைக்காரனே பக்கத்துக் கடைல போயி டீ குடிச்சா, அந்தக் கடைக்கு எவன் டீச்சர் வருவான்?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் ராத்திரியெல்லாம் உறுத்தியது.

எப்படியோ மே முடிவதற்குள் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து சாரத்தில் வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகள். பத்தாவதைத் தேடித்தான் ஆசிப்பின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

ஆசிப் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர். அவர் மனைவி ஷாஜாதி, ரெடிமேட் கடைகளுக்குச் சட்டையில் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பவள். சீருடைகள் தைக்கும் நேரம் என்பதால் கூடம் முழுக்கச் சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தது ஐந்து வயது ஹனீன். ஒப்பித்ததை எல்லாம் ஷாஜாதி கை நிற்காமல் கேட்டாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதா?"

"ஒரே பொண்ணு. பூவிழின்னு பேரு. இவ வயசுதான்."

"எங்க சேத்திருக்கீங்க?"

"நம்ம ஸ்கூல்லதான். ஒண்ணாவது. எங்கிட்டயேதான் படிக்கப் போறா."

சொன்னது வாய். கேட்டுத் திடுக்கிட்டது அவள் காதே. ஷாஜாதி ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்டியா! அப்போ எனக்கு யோசனையே இல்ல டீச்சர். உங்க புள்ளைக்கு என்னாவோ அதுதான் எம்புள்ளைக்கும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுடுங்க."

"பூவிழிகிட்ட ரப்பர் இருக்குதா?" என்று கேட்டது ஹனீன்.

"இருக்குதும்மா" என்றாள் ஹேமலதா. விண்ணப்பத்தை நிரப்பி, தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, எந்தத் தெரு வழியாக வந்தோம் என்றுகூடத் தெரியாமல் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஹேமலதா அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. பள்ளி திறக்கவோ இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாளே வகுப்பறையில் இறங்கினாள். தேர்தலுக்கு அந்த அறையை வாக்குச்சாவடி ஆக்கியிருந்தார்கள். சுவரில் சாவடி எண்ணும், உள்ளே, வெளியே என்று அம்புக்குறிகளும் அப்படியே இருந்தன. குட்டி நாற்காலிகளை எல்லாம் அள்ளி உடைந்த மேசைகளோடு சத்துணவு அறையில் போட்டிருந்தார்கள். ஹேமலதாவும் அஞ்சலாட்சியும் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். அஞ்சலாட்சி அந்தப் பள்ளியின் ரொட்டிப்பால் ஊழியர். காலையில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பதுதான் அவள் வேலை. விடுமுறையில் வரவேண்டிய கட்டாயமே இல்லை. டீச்சரம்மா தனியாகக் கிடந்து அல்லாடுகிறாளே என்று வந்தாள்.

இருவருமாகச் சுவரைத் தேய்த்துக் கழுவி, இளமஞ்சள் பூசினார்கள். கரும்பலகைக்குக் கறுப்பு அடித்தார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரின் அடிப்பகுதியில் ஒரு பச்சைப் பட்டை விட்டு, அங்கே கிறுக்கிக்கொள்ளலாம் என்று வைத்தாள் ஹேமலதா. சன்னல்மேல் ஏறி நின்று ஒட்டடை அடித்தாள். சண்டே மார்க்கெட்டில் பொறுக்கிய ஜிகினாத்தாளில் மயிலும் மீனும் வெட்டித் தொங்கவிட்டாள். கழுதைபோல் உழைத்தாள் என்றே சொல்லலாம். கை சும்மா இருந்தால் மனசு பேச ஆரம்பித்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

அவளுடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் பெயரைப் படிக்கத் தெரியாது. அதனால் ஆளுக்கு ஒரு படம். பூனை, குடை, ரயில், மாம்பழம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. நாற்காலியில், தட்டில், டம்ளரில், பை மாட்டும் ஆணியில் எல்லாம் அதே படம் இருக்கும். படத்துக்குக் கீழே பெயர். படத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கிற பிள்ளை, தீபாவளிக்குள் கீழே இருக்கும் பெயரையும் படித்துவிடும்.

பத்து நாற்காலிக்குப் பத்துப் படம் வரைந்தாள். ஹனீனுக்குக் குடை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் நாள் ஷாஜாதி வந்து, உங்க பொண்ணு எங்கே என்பாளே? காய்ச்சல் என்று சொல்லலாம். ரெண்டு நாள் கழித்து அம்மை போட்டிருக்கிறது என்றால் பதினைந்து நாள் ஓடும். அதற்குள் தலை எண்ணி முடிந்துவிடும், ஹனீனுக்கும் இடம் பழகிவிடும். ஆனால் காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு நாற்காலியாவது இருக்க வேண்டாமா? பொய்யை உட்கார வைக்க இடம் வேண்டும் அல்லவா?

பதினோராவது நாற்காலியைக் கழுவிக் குடை நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். அதற்கு ஒரு வண்ணத்துப்பூச்சி வரைந்தாள். மற்றப் படங்களுக்குக் கால் மணி நேரம் என்றால், இதற்கு மட்டும் ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. நாலு வண்ணம், இறக்கையில் புள்ளி, ஓரத்தில் ஜிகினா. வரைந்து முடித்தபிறகுதான் மற்றப் பத்துப் படங்களையும் பார்த்தாள். ரயிலுக்குச் சக்கரம் கோணல். குடைக்குக் கைப்பிடியே சரியில்லை. அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது. குடையை அழித்துத் திரும்ப வரைந்தாள். அப்படியும் அது வண்ணத்துப்பூச்சிக்குப் பக்கத்தில் ஏழை வீட்டுக் குடை மாதிரியே நின்றது.

"பத்துப் புள்ளைக்கு எதுக்கு டீச்சரம்மா பதினோரு சேரு?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"இருக்கட்டும் அஞ்சலாட்சி. புதுசா யாருனா வந்தா?"

பெயர் அட்டையைத் திறப்பு நாள் காலையில் யாரும் பார்க்காமல் ஒட்டிக்கொள்ளலாம் என்று பையில் வைத்துக்கொண்டாள்.

திறப்பதற்கு மூன்று நாள் இருக்கும்போது வழக்கம்போல் அறிவிப்பு வந்தது. வெயில் கடுமை, பள்ளித் திறப்பு ஒரு வாரம் தள்ளிவைப்பு. ஊரே கொண்டாடியது. ஹேமலதாவுக்கு மட்டும் அது புதுக் கவலை. ஒரு வாரத்தில் பத்தில் ஒன்று நழுவாது என்று என்ன நிச்சயம்? தினமும் ஒரு சாக்கு வைத்துப் பத்து வீட்டுக்கும் போன் செய்தாள். புத்தகம் வந்துவிட்டது, பாப்பாவுக்குச் செருப்பு அளவு என்ன, காலையில் பால் குடிக்குமா. ஒன்பது வீட்டில் பதில் சொன்னார்கள். ஷாஜாதி எடுக்கவே இல்லை. மூன்று முறை அடித்தாள், மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. நேரில் போய்க் கேட்க அவளுக்குக் கால் எழவில்லை.

அந்த வாரத்தில்தான் பூவிழியின் சீருடை வந்தது. நேரு வீதிக் கடை ஒன்றில் இளஞ்செழியன் அளவு கொடுத்திருந்தார். கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் நீல நூலில் கையால் பூவிழி என்று பெயர் தைத்திருந்தது. எறும்பு ஊர்வதுபோல் அத்தனை பொடியான, நேரான எழுத்து. ஹேமலதா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"யாரு தச்சது இத?"

"கடைல யார்கிட்டயோ வெளிய குடுத்து வாங்கறாங்க. ரசீதுல உன் நம்பரத்தான் குடுத்தேன், போன் வந்துச்சா?"

"வரல." சட்டையை மடித்தபடியே கேட்டாள். "ஏங்க, பேசாம பாப்பாவ எங்க ஸ்கூல்லயே சேத்துட்டா என்னா?"

இளஞ்செழியன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்னா ஹேமா, இப்பப் போயி? வேனுக்குச் சொல்லியாச்சு, சட்டை வந்துடுச்சு. ஒரு வருசத்துல கிளாஸ மூடிட்டாங்கன்னா புள்ளய எங்க தூக்கிக்கினு ஓடுவ?"

அவர் மறுத்ததும் அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் அவளை மிகவும் வெட்கப்பட வைத்தது. பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. இரண்டு பள்ளிக்கும் ஒரே நாள் என்பதால் மகளை முதல் நாள் வேனில் ஏற்றிவிடக்கூட ஹேமலதாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஏழரைக்கே வகுப்பில் இருந்தாள். பையிலிருந்து அட்டையை எடுத்து வண்ணத்துப்பூச்சிக்குக் கீழே ஒட்டினாள். அவசரத்தில் கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், பால் பாத்திரத்தோடு அஞ்சலாட்சி நின்றாள்.

"பூவிழின்னு போட்டிருக்குதே! நம்ம பாப்பாவா? இங்கயா சேத்தீங்க?" அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நல்ல காரியம் பண்ணீங்க டீச்சரம்மா. இன்னிக்குப் பால்ல சக்கரை கூடப் போடறேன்."

ஹேமலதா சாக்பீஸ் டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

எட்டே முக்காலுக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பூனை வந்தது. மாம்பழம் அழுதுகொண்டே வந்தது. ரயிலை அவன் அப்பா தோளில் தூக்கி வந்து நாற்காலியில் இறக்கினார். ஒன்பது மணிக்கு ஒன்பது தலை. கன்னியப்பன் சார் வாசலுக்கும் வகுப்புக்குமாக நடந்தார். ஒவ்வொரு முறையும் எண்ணிவிட்டுப் போனார். எண்ணினால் கூடுமா என்ன?

"ஒம்பதரைக்கு வர்றாராம்மா ஆய்வாளர்" என்றார்.

குடையும் வண்ணத்துப்பூச்சியும் காலியாக இருந்தன. ஹேமலதா பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கேட்டைப் பார்த்தாள். ஒன்பது பத்து. ஒன்பது பதினைந்து. வரவேண்டாம், வந்தால் பொய் சொல்லவேண்டும் என்று ஒரு மனசு. வரவில்லையென்றால் காரைக்கால் என்று இன்னொரு மனசு.

ஒன்பது பதினெட்டுக்கு ஷாஜாதி ஹனீனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். ஹனீன் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடியது. குடையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் போய் வண்ணத்துப்பூச்சிமேல் உட்கார்ந்துகொண்டது.

"அது உன்னுது இல்ல ஹனீன். பேரு எழுதியிருக்குது பாரு" என்றாள் ஷாஜாதி. பிறகு ஹேமலதாவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "உங்க பொண்ணு எங்க டீச்சர்?"

காய்ச்சல் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இரண்டு வாரமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் ஹனீன் பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தது. உள்ளே ஸ்ட்ராபெர்ரி மாதிரி இரண்டு ரப்பர்.

"இது எனக்கு. இது பூவிழிக்கு. அவ எப்ப வருவா டீச்சர்?"

ஹேமலதா அந்த நாற்காலிக்கு எதிரே மண்டியிட்டாள்.

"அவ வரமாட்டா ஹனீன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டா. அவ வேற ஸ்கூல்ல படிக்கிறா. டீச்சர் உங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"ஏன்?" என்றது ஹனீன்.

பொய் ஏன் என்று கேட்டதா, வேறு பள்ளி ஏன் என்று கேட்டதா என்று தெரியவில்லை. ஹேமலதா எழுந்து ஷாஜாதியின் முகத்தைப் பார்த்தாள்.

"கூட்டிக்கினு போறதுன்னா போங்கம்மா. ஒண்ணும் சொல்ல மாட்டேன். இன்னும் பத்து நிமிசத்துல தலை எண்ண வர்றாங்க. உங்க பொண்ணுதான் பத்தாவது. அவ இல்லன்னா இந்தக் கிளாஸ் இல்ல. அதுக்காகத்தான் பொய் சொன்னேன். தப்புதான்."

ஷாஜாதி வகுப்பறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள். "காஜாவுக்கு வந்த மூட்டைல உங்க பொண்ணோட அந்தக் குதிரை போர்டு ஸ்கூல் சட்டை இருந்துச்சு. கூட இருந்த சீட்டுல பேரு, ஒண்ணாவது, உங்க போன் நம்பரு. அந்தக் கழுத்துல பேரு தச்சதே நான்தான்."

எறும்பு ஊர்வதுபோன்ற அந்த நீல எழுத்து ஹேமலதாவின் விரல் நுனியில் இன்னும் இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு உடனே வேற ஸ்கூல் பாக்கலாம்னாரு. நான்தான் ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்றேன்னேன். ஒரு நாள் மத்தியானம் கேட்டாண்ட வந்து நின்னேன். நீங்க அந்த சன்னல்மேல ஏறி நின்னு, உடம்பெல்லாம் தூசியா, தொடச்சிக்கினு இருந்தீங்க. பொய் சொல்றவங்க எதுக்கு இவ்ளோ வேலை செய்யறாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல. போன் வந்தப்பலாம் எடுக்கல. கோவம் இருந்துச்சு. இப்பவும் இருக்குது. இவகிட்ட மட்டும் நான் ஒண்ணும் சொல்லல. பொய் சொன்னவங்களே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"மன்னிச்சுடுங்க" என்றாள் ஹேமலதா.

"அது கெடக்கட்டும். நான் கேட்டது ஞாபகம் இருக்குதா? ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வையுங்கன்னு கேட்டேன். இப்ப முடியாது. சரி, அரையாண்டு லீவுல உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் கூட்டிக்கினு வாங்க. ரெண்டையும் பக்கத்துல உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கச் சொல்லலாம். எம்பொண்ணு பின்னாடி நின்னான்னா அன்னிக்கே டீசி வாங்கிடுவேன். பத்தாவதோ பதினோராவதோ, அது உங்க கணக்கு."

சொல்லிவிட்டு உள்ளே வந்து, மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அவள் கேட்டைத் தாண்டும்போதுதான் ஆய்வாளரின் ஜீப் வந்து நின்றது.

ஹேமலதா வண்ணத்துப்பூச்சிக்குக் கீழே இருந்த அட்டையைக் கிழித்தாள். குடை நாற்காலியிலிருந்து ஹனீனின் அட்டையைப் பிய்த்து இங்கே ஒட்டினாள். ஆய்வாளர் விரலை நீட்டி எண்ணினார். பத்து. கன்னியப்பன் சார் விட்ட மூச்சு பின்சுவர்வரை கேட்டது.

"ஒரு சேர் காலியா இருக்குதே, யாருது?" என்று கேட்டார் ஆய்வாளர்.

பால் டம்ளரோடு கதவோரம் நின்றிருந்த அஞ்சலாட்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஹேமலதாவை ஒரு பார்வை பார்த்தாள். அதில் காலையில் இருந்த மலர்ச்சி இல்லை.

"புதுசா யாருனா வந்தா உக்காருவாங்க சார்" என்றாள். சர்க்கரை மட்டும் சொன்னபடி கூடத்தான் போட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வேன் பூவிழியை வாசலில் இறக்கிவிட்டது. ஓடிவந்த மகளை அணைத்துக்கொண்ட ஹேமலதா, முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்பதற்கு முன்னால் பையை வாங்கித் திறந்தாள். நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் நாலு வரி ஆங்கிலம், நாலு வரி தமிழ். அதை எழுத்துக்கூட்டாமல் படித்துக் காட்டினாள் பூவிழி. இரண்டு வருடம் கே.ஜி. படித்த பிள்ளை. ஹனீனுக்கு இன்னும் பென்சிலைப் பிடிக்கும் விதமே வரவில்லை. அரையாண்டு லீவுக்கு எத்தனை மாதம் என்று ஹேமலதா ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என விரல் விட்டு எண்ணினாள். ஆறு விரலோடு நின்றுவிட்டது. பழைய பயம் போய்ப் புதுப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்னாம்மா தேடற?" என்றாள் பூவிழி.

"ஒண்ணுமில்ல." தன் பையிலிருந்து அந்த ரப்பரை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள். மணி அடித்தபிறகு, வீட்டுக்குப் போகும் அவசரத்திலும் மறக்காமல் ஹனீன் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது அது.

"ஐ, ஸ்ட்ராபெர்ரி! யாரும்மா குடுத்தா?"

"ஹனீன்."

"யாரு அது?"

"உன் பக்கத்துல உக்கார வேண்டிய புள்ள" என்றாள் ஹேமலதா. பிறகு நாளைக்கு வகுப்புக்கு வேண்டிய எழுத்து அட்டைகளை வெட்ட உட்கார்ந்தாள்.